நட்ட பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது?

தேனி மாவட்டக் கல்லூரிகளில் படிக்கும், நாட்டு நலப்பணித் திட்டத்திலோ சுற்றுச்சூழல் மன்றத்திலோ பெயர் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



ஜூன் 5 அன்று நம் கல்லூரிகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு மனப்பாடம். வாசலில் பிளக்ஸ் பேனர். தோண்டி வைத்த குழியருகே முதல்வர், சிறப்பு விருந்தினர், பேராசிரியர்கள். ஒரே கன்றை ஆறு கைகள் பிடித்திருக்கும். பூவாளியில் தண்ணீர், கைதட்டல், போட்டோ. மறுநாள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் இரண்டு பத்தி. விழா எடுப்பதில் தவறொன்றும் இல்லை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே திரளும் மண் இது. கூடிச் செய்தால்தான் எதையும் செய்த மாதிரி நமக்கு இருக்கும். நான் கேட்க வந்தது ஜூலை மாதத்தைப் பற்றி. அந்தக் கன்று அப்போது உயிரோடு இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்காது. உங்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். தேதியே நம் ஊருக்கு ஒத்துவராதது. 1972 ஜூன் 5-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கியது, அந்த நாளையே உலகச் சுற்றுச்சூழல் நாளாக வைத்துவிட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் எப்படி இருக்கும் என்று அங்கே யாரும் யோசித்திருக்க நியாயமில்லை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும். குமுளியில் குடையில்லாமல் நிற்க முடியாத அதே நாளில், மலைப்பாதையில் இறங்கி லோயர்கேம்ப் வந்தால் சாரல், கம்பம் தாண்டினால் தூறல், தேனியைத் தொடும்போது வெறும் காற்று. அந்தக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். முழங்கால் உயரக் கன்றை அதற்கு நடுவே நட்டால் இலை காயும், தண்டு ஆடி ஆடி வேர் மண்ணைப் பிடிக்காது.

நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசியில் இரண்டடிக் குழி எடுத்து ஆறப்போட்டு, ஐப்பசியில் நிலம் நன்றாக நனைந்ததும் நட்டால் வேர் இறங்க மூன்று மாதம் கிடைக்கும். ஜூன் 5 விழாவை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அன்று நட வேண்டாம், போன வருடம் நட்டதை எண்ணுங்கள். எத்தனை நட்டோம், எத்தனை இருக்கிறது, இல்லாதது எப்படிப் போனது: ஆடு கடித்ததா, தண்ணீர் இல்லையா, புல் வெட்டும் மெஷின் தூரோடு அறுத்துவிட்டதா? இந்தக் கணக்கைப் பேனரில் போட ஒரு கல்லூரி துணிந்தால், அதைப் பார்க்கவே பஸ் ஏறி வருகிறேன்.

இதே ஜூன் 5-க்கு நம் பள்ளத்தாக்கில் வேறொரு நினைவும் உண்டு. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் கம்பம் தெருக்களில் ஓடியது. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட யானை, மலையிறங்கி வந்துவிட்டது. 144 தடை உத்தரவு, சாத்திய கடைகள், மொட்டை மாடியிலிருந்து எடுத்த செல்போன் வீடியோக்கள். ஜூன் 5 அதிகாலையில் சின்ன ஓவுலாபுரம் அருகே மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, மேல்கோதையாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 2021 பிப்ரவரியில், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் நாட்டின் 51-ஆவது காப்பகமாக அறிவிக்கப்பட்டிருந்தது. காடும் ஊரும் உரசிக்கொள்ளும் இடத்தில் நீங்கள் படிக்கிறீர்கள். சென்னையிலோ கோவையிலோ படிக்கிறவர்களுக்கு ஸ்லைடில் காட்ட வேண்டியது உங்களுக்கு விடுதி ஜன்னலில் தெரிகிறது.

தண்ணீருக்கு வருகிறேன், நம் ஊரில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே போன ஆற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. அந்த நீரில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. பாலார்பட்டியில் ஜனவரி 15, அவர் பிறந்தநாளில், ஊர்கூடிப் பொங்கல் வைக்கிறார்கள். 2011 டிசம்பரில் அணைக்கு ஆபத்து என்ற பேச்சு கிளம்பியபோது ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள், உங்கள் அண்ணன்மார் வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2014 மே 7-இல் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஊர் ஊராகப் பட்டாசு வெடித்தது. தண்ணீரைக் கொண்டுவர இந்தப் பள்ளத்தாக்கு என்ன விலையும் கொடுக்கும்.

வந்த தண்ணீரை என்ன செய்கிறோம்? கூடலூரில் தொடங்கி ஆற்றங்கரை ஊர்களின் சாக்கடை அதே முல்லைப் பெரியாற்றில்தான் விழுகிறது. குப்பையும் கரையோரம் கொட்டப்படுகிறது. அந்த ஆறுதான் தேனிக்கு அருகே வைகையில் சேர்ந்து, வைகை அணையில் தேங்கி, மதுரைக்குக் குடிநீராகப் போகிறது. கேரளாவைக் கேட்க நம்மிடம் நூறு கேள்வி இருக்கிறது. நம்மை மதுரைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தால் பதில் இல்லை. கொண்டுவருவதில் நாம் சூரர்கள், வந்ததைப் பேணுவதில் சோம்பேறிகள் என்பது என் அபிப்பிராயம். கன்றிலும் அதே குணம்தான் தெரிகிறது, ஆற்றிலும் அதே குணம்தான்.

ஆற்றைத் திருத்துங்கள் என்று உங்களிடம் சொல்வது அநியாயம். நகராட்சியும் அரசும் செய்ய வேண்டியதை இருபது வயதுப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. ஆனால் கல்லூரி வளாகம் உங்கள் கைக்கு அடங்கும். அதற்கு ஒரு காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. உள்ளே வரும் தண்ணீர் எது, போர் எத்தனை, தொட்டி எத்தனை, கழிவு எந்த வழியாக வெளியே போகிறது என்பதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். 'நாக்' குழு வருவதற்கு முன்பு அவசரமாகத் தயாராகும் பசுமைத் தணிக்கைக் கோப்பைச் சொல்லவில்லை. அதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நான் சொல்வது நீங்களே நடந்து பார்த்து எழுதும் கணக்கு.

ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு விடுதியைச் சுற்றி வாருங்கள். எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒழுகும் குழாய் ஒன்றாவது இருக்கும். பாட்டிலை அடியில் வைத்து நேரம் பாருங்கள். பத்து நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 6 லிட்டர், ஒரு நாளைக்கு 144. (மறுபடியும் 144. இதற்கு ஆட்சியர் உத்தரவு வேண்டாம், ஒரு வாஷர் போதும்.) அடுத்து மாடித் தொட்டிகள். சுவரில் மேலிருந்து கீழாகப் பச்சைக்கோடு போட்டமாதிரி பாசி படிந்திருந்தால், அந்தத் தொட்டி தினமும் வழிகிறது, மோட்டாரை நிறுத்த ஆள் இல்லை என்று அர்த்தம். குடிநீருக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் பின்னால் போய்ப் பாருங்கள். நீங்கள் பிடித்துக் குடிக்கும் அளவுக்கோ அதற்கு மேலோ தண்ணீரை ஒரு மெல்லிய குழாய் சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கும். அதில் உப்பு அதிகம், செடிக்கு ஆகாது. கழிப்பறைக்கும் தரை கழுவவும் தாராளமாக ஆகும்.

கூரைக்கும் ஏறுங்கள், அனுமதி வாங்கிக்கொண்டு. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். குழாய் இருக்கும். அது எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். ஜல்லியும் மணலும் போட்ட குழிக்குள் இறங்குகிறதா, இல்லை பாதியில் உடைந்து நடைபாதையில் கொட்டுகிறதா? 1,000 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 10,000 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். ஐப்பசியில் அதைத் தெருவில் விட்டுவிட்டு சித்திரையில் லாரிக்குப் போன் செய்கிறோம்.

"எங்களுக்கு ஏது சார் அதிகாரம்? ஒரு கையெழுத்து வாங்கவே ஒரு செமஸ்டர் ஆகும்" என்பீர்கள். வாஸ்தவம். தண்ணீர் வீணாகிறது என்று பொத்தாம்பொதுவாக மனு கொடுத்தால் அது கோப்பில்தான் உறங்கும். 'இரண்டாம் மாடி, கிழக்குக் கழிப்பறை, மூன்றாவது குழாய், நாளைக்கு 144 லிட்டர்' என்று எழுதிக் கொடுங்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருப்பது எந்த அலுவலகத்துக்கும் கஷ்டம்.

குப்பை விஷயத்தில் சட்டமே உங்கள் பக்கம் இருந்து வந்திருக்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் நிறுவனங்கள் தரம் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை உள்ளேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும் என்றன. நம் கல்லூரிகள் பலவும் ஏக்கர் கணக்கில் பரந்தவை. ஆனால் விடுதி மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைகழுவும் இடத்தில் இருக்கும் அந்த நீல டிரம்மை எட்டிப் பாருங்கள். பாதி கடித்த சப்பாத்தி, ஆறிய உப்புமா, சாம்பாரில் ஊறிய டிஷ்யூ, அதற்குள்ளேயே ஊறுகாய் பாக்கெட். பன்றிப் பண்ணைக்கு எடுத்துப்போக வருபவர் கையை விட்டு அந்தப் பாக்கெட்டைத் தேடி எடுக்கிறார். இரண்டு டிரம் வைத்தால் தீர்ந்துபோகும் வேலை அவர் விரல்களுக்குப் போகிறது.

தேநீர்க் கப் இன்னொன்று. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. 'பிளாஸ்டிக் இல்லா வளாகம்' என்ற பிளக்ஸ் போர்டுக்கு அடியிலேயே அதில் டீ குடிக்கிறோம். போர்டும் பிளாஸ்டிக்தான் என்பதை விட்டுவிடுவோம். கேன்டீன்காரரிடம் கண்ணாடி டம்ளர் கேட்டால், கழுவ ஆள் யார் தருவது என்று கேட்பார். அவர் கேள்வி நியாயமானது. விடை நிர்வாகத்திடம்தான் இருக்கிறது.

மாசி, பங்குனியில் சருகு எரிப்பதை முதலில் நிறுத்துங்கள். தினமும் காலையில் பெருக்கிக் குவித்துத் தீ வைப்பது நம் வளாகங்களில் பழக்கமாகிவிட்டது. அதே பருவத்தில்தான் மலைச்சரிவுகளில் இரவு நேரத்தில் நெருப்பு வரிசையாக ஏறுவதை போடியிலிருந்தும் பெரியகுளத்திலிருந்தும் பார்க்கிறோம். 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் 23 உயிர் போனது. காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தப்பிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நம் மாவட்டத்துக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. சருகுக்கு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

சிறப்பு முகாமில் சீமைக்கருவேலம் வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதிலிருந்து எல்லாருக்கும் அரிவாள்மேல் ஆசை வந்துவிட்டது. இடுப்பு உயரத்தில் வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். தூரைத் தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தைச் சும்மா விடாமல் புங்கன், பூவரசு, வேம்பு, இலுப்பை என்று ஏதாவது வைக்க வேண்டும். ஏழு நாள் முகாமில் நூறு மரம் வெட்டுவதைவிடப் பத்து மரத்தை வேரோடு எடுப்பது மேல்.

உங்கள் பாடத்திட்டத்தில் சுற்றுச்சூழல் பாடம் எப்படி வந்தது தெரியுமா? எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் உத்தரவிட்டது, அது நடைமுறைக்கு வராததால் 2003-இல் திரும்பவும் சொன்னது. அதன் பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புக்கும் ஆறு மாதப் பாடத்தை வைத்தது. அந்தப் பாடத்திட்டத்தின் கடைசி அலகு களப்பணி: பக்கத்து ஆறு, காடு, மலை எதையாவது நேரில் போய்ப் பார்த்துப் பதிவு செய்வது, சாதாரணச் செடி, பூச்சி, பறவைகளைக் கவனிப்பது. பன்னிரண்டு வருடம் கழித்து நீதிமன்றம் மறுபடி தட்டிக்கேட்டு வாங்கித் தந்த மணி நேரங்கள் அவை. அதை நாம் என்ன செய்கிறோம்? கைடிலிருந்து நான்கு பக்கம் பார்த்தெழுதி ரெக்கார்டு நோட்டில் ஒட்டுகிறோம். ஓசோன் படலத்தின் ஓட்டையை வரைகிற பிள்ளைக்குத் தன் விடுதிச் சாக்கடை எந்த வாய்க்காலில் சேர்கிறது என்று தெரியாது. ஆசிரியர்களிடம் கேளுங்கள்: அந்தக் களப்பணிக்கு வளாகத் தண்ணீர்க் கணக்கை வைத்துக்கொள்ளலாமா என்று. மறுக்க ஒரு காரணமும் இல்லை.

இதெல்லாம் தாவரவியல், விலங்கியல் படிப்பவர்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, 365 ஏக்கர் வளாகத்தில் மரங்களையும் செடிகளையும் தேடிச் சேர்த்துப் பதிந்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் பேராசிரியர். நம் மாவட்டத்தில் இதைவிட வசதி. மரக்கன்று பற்றிக் கேட்கப் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. குழாயில் மீட்டர் பொருத்திக் காட்ட போடியில் அரசுப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1956-லிருந்து பள்ளத்தாக்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் உத்தமபாளையம் கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் வணிகவியல் மாணவர்கள் இருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கு எழுத அவர்களைவிட யார் பொருத்தம்?

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் மூன்று வருடத்தில் போய்விடுவீர்கள். புங்கன் நிழல் தர அதைவிட நாளாகும். ஆர்வமுள்ள ஒரு செட் மாணவர்கள் இருக்கும்வரை எல்லாம் நடக்கும். அவர்கள் போனதும் கன்றைச் சுற்றி வைத்த கூண்டு மட்டும் துருப்பிடித்து நிற்கும். இதைச் சமாளித்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். 1988-இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு அது. ஜனவரியிலிருந்து முட்டையிடும் பருவம் முழுக்க, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்ப் பக்கம் வரை இரவில் கடற்கரையோடு நடக்கிறார்கள். ஆமை வந்துபோன தடத்தைப் பார்த்து முட்டைக்குழியைக் கண்டுபிடித்து, பத்திரமான மணற்பட்டிக்கு மாற்றி, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். தொடங்கியவர்களுக்கு இன்று நரை விழுந்திருக்கும், நடை நிற்கவில்லை. எத்தனை குழி, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்ற எண்ணிக்கையை ஒரு செட் அடுத்த செட்டிடம் கொடுத்துவிட்டுப் போகிறது. உள்ளே வரும் புதுப்பிள்ளை முதல் இரவிலேயே மூத்தவரோடு நடந்து கற்றுக்கொள்கிறது.

நமக்கு ஆமை இல்லை. ஒரு பதிவேடு போதும். தடித்த அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு; வாட்ஸ்அப் குரூப் வேண்டாம், அது அட்மின் போன் மாற்றினால் போச்சு. மரத்துக்கு ஒரு பக்கம்: எண், பெயர், நட்ட தேதி, ஜூன் 5-இல் உயரம், பொறுப்பாளர். ஒழுகும் குழாய்களுக்குத் தனிப் பக்கம். பறவைகளுக்கும் ஒன்று. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பாலார்பட்டியில் பென்னிகுயிக்குக்குப் பானை பொங்கும் அதே நாட்கள். விடுமுறைக்கு ஊரில் இருப்பீர்கள், கால்மணி நேரம் நின்று பார்த்துப் பட்டியலிட்டால் போதும். எழுதியதில் தப்பிருந்தால் அடுத்த வருடம் வருகிறவர் திருத்துவார். மூன்றாம் ஆண்டு மாணவர் தன் பொறுப்பில் இருந்த மரத்தை முதலாம் ஆண்டு மாணவரிடம் காட்டி, அதே பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிரிவுபசார விழாவில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டான்ஸ் ஒன்று குறையட்டும்.

மீதி இருப்பது கோடை விடுமுறை. ஐப்பசியில் நட்டு, தையில் தழைத்து நிற்கும் கன்று சாவது சித்திரை வைகாசியில்தான். வளாகம் காலி, விடுதி பூட்டு, வாட்ச்மேன் அண்ணன் ஒருவர்தான் இருப்பார். இருநூறு கன்றுக்கு அவரால் தண்ணீர் சுமக்க முடியாது, அவர் சம்பளத்தில் அது இல்லவும் இல்லை. அதனால் பங்குனியிலேயே இரண்டு வேலை முடிய வேண்டும். எரிக்காமல் சேர்த்து வைத்த சருகைத் தூரைச் சுற்றி அரையடி உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டில் ஒட்டாமல். பக்கத்தில் ஒரு மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி, வாயை ஓட்டால் மூடுங்கள். சுவரில் கசிந்து வேருக்குப் போகும். தினமும் ஊற்றத் தேவையில்லை, சில நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் தாங்கும்.

பிறகு முறைப்பட்டியல். வெளியூர்ப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். கல்லூரிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களாகப் பார்த்து, வாரத்துக்கு நான்கு பேர் என்று பெயரும் தேதியும் போட்டு, ஒரு நகலை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுங்கள். யார் வரவில்லை என்பதை அவர் குறித்துவைக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்று கணக்கு இருக்கிறதே, மே மாத வெயிலில் குடம் தூக்கிய நேரத்தையும் அதில் ஏற்ற வேண்டும் என்று உங்கள் திட்ட அலுவலரிடம் இப்போதே பேசி எழுதி வாங்கிவிடுங்கள். ஏப்ரலில் போய்க் கேட்டால் பரீட்சை நேரம், பிறகு பார்க்கலாம் என்பார்கள்.

அன்புடன்,
சின்னமனூரிலிருந்து உங்கள் ஊர்க்காரன்